இலையும் இருக்கையும்: சேலம் – நாமக்கல் சமவெளியில் விலைச்சோற்றின் வரலாறு

சேலம் மாநகரின் பழைய பகுதிகளுள் ஒன்று செவ்வாய்ப்பேட்டை. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதன்சந்தை என்றோர் ஊர் உண்டு. கிழமைப் பெயரையே ஊர்ப்பெயராகத் தாங்கி நிற்கும் இவ்விடங்கள், சந்தை கூடிய நாள்களை இன்றும் நினைவூட்டுகின்றன. விடியுமுன் மாட்டை ஓட்டிக்கொண்டோ தலைச்சுமையோடோ புறப்பட்ட குடியானவன், பொழுது சாயும் வரை சந்தையில் நின்றான். அவன் எங்கே உண்டான்? யார் சமைத்ததை உண்டான்? யாருக்கு அருகில் அமர்ந்து உண்டான்? அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் குறித்து வைத்த வரலாறு, இவ்வினாக்களை அரிதாகவே எழுப்பியிருக்கிறது. ஆயினும் இச்சமவெளியின் சமூக மாற்றத்தை அளந்தறிய இம்மூன்று வினாக்களைவிடச் செம்மையான அளவுகோல் கிடைப்பது அரிது.

சோறும் பண்ணியமும்

பண்டைத் தமிழகத்தில் உண்பொருள் விற்பனை இல்லாமற் போகவில்லை. மதுரைக்காஞ்சி காட்டும் அங்காடியில் பண்ணியம் விற்போர் திரிகின்றனர். சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும் இருக்கின்றனர். பட்டினப்பாலையில் கள் விற்கும் முற்றத்தில் மீனும் ஊனும் பொரிகின்றன. ஆனால் வயிறு நிறைய உண்ணும் சோற்றைப் பற்றிப் பேசுமிடத்து, அதே பட்டினப்பாலை, அறச்சாலையில் வடித்த கஞ்சி தெருவில் ஆறாய் ஓடும் காட்சியையே தருகின்றது. சிற்றுண்டி விலைக்கு உரியது. சோறு ஈகைக்கு உரியது. இவ்வேறுபாடு தமிழர் மனத்தில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. அமுதசுரபியின் புகழ் பாடிய மணிமேகலை ஆசிரியர் கூலவாணிகர் சாத்தனார் என்பது இங்கே எண்ணத்தக்கது. தானியத்தை விலைக்கு அளந்த மரபில் வந்தவரே சமைத்த சோற்றை விலைக்கு அப்பாற்பட்டதாகக் கண்டார்.

சோறு விற்பது பாவம் என்னும் இவ்வெண்ணம் உயர்ந்ததாகவே தோன்றும். அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். விலை இல்லாத சோற்றை உண்பவனுக்கு உரிமையும் இல்லை. இன்ன இடத்தில் அமர், இன்ன நேரம் வரை காத்திரு, இன்னதை வாங்கிக்கொள் என்று ஈவோன் சொன்னதே சட்டம்.

சத்திரத்துப் பந்தி

நாயக்கர் காலத்தில் சாலைகளும் சத்திரங்களும் பெருகின. 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த இராணி மங்கம்மாளின் பெயர் அவ்வறத்தோடு இன்றும் சேர்த்தே பேசப்படுகிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல், சேலம், தொப்பூர்க் கணவாய் வழியாக மைசூர் நாட்டுக்கு ஏறிய பெருவழியில் வணிகரும் படைகளும் யாத்திரிகரும் ஓயாது நடந்தனர். சத்திரத்தில் தங்க நிழல் கிடைத்தது. சோறு எல்லார்க்கும் ஒரேபடியாகக் கிடைக்கவில்லை. பல சத்திரங்களில் சமைத்த உணவு அந்தணர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஏனையோர்க்கு அரிசியும் பருப்புமாகப் படி அளப்பதோ, நீர்மோர் வார்ப்பதோ வழக்கமாயிருந்தது. தீண்டாதார் என ஒதுக்கப்பட்டவர்க்குத் திண்ணையும் இல்லை.

ஆகவே பெரும்பாலோர் நம்பியது கட்டுச்சோற்றையே. அதிலும் இச்சமவெளி மேட்டுநிலம். கேழ்வரகும் கம்பும் சோளமும் விளைந்த இப்புன்செய் நாட்டில் களியும் கம்பஞ்சோறுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு விருந்துக்கும் திருவிழாவுக்கும் உரியது. இட்டிலியும் தோசையும் பண்டிகைப் பலகாரங்கள். பின்னாளில் நகரத்து உணவுக்கடை சிற்றூர் மக்களை ஈர்த்ததன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டொரு முறை வீட்டில் கிடைத்த பலகாரத்தை எந்த நாளிலும் காசுக்குத் தந்த முதல் இடம் அதுவே.

தாது வருடத்துக் கஞ்சி

ஈகைச் சோற்றின் எல்லை 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் வெளிப்பட்டது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நின்ற அக்கொடுமையால் மிகவும் அழிந்த மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 இலட்சத்து 66 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த பழைய சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சத்துக்குக் கீழ் இறங்கியது. கோயில் மடைப்பள்ளியாலும் செல்வர் அறச்சாலையாலும் ஆற்ற இயலாத பசி அது. அரசு கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. உழைக்க வல்லவர்க்கு நிவாரண வேலை தந்தது. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாளெல்லாம் உழைக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே கூலியெனக் குறைத்தார் சர் ரிச்சர்டு டெம்பிள். மருத்துவர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பிய பின்னரே அவ்வளவு கைவிடப்பட்டது. பசியால் மடிந்துகொண்டிருந்த நாளிலும் கஞ்சி காய்ச்சும் கை எச்சாதியுடையது என்னும் வினா மறையவில்லை. சாவு வந்து நின்றபோதும் நீங்காத அவ்வேற்றுமையை, பிற்காலத்தில் ஓரணாக் காப்பி அசைக்கத் தொடங்கியது என்பது வரலாற்றின் விந்தையே.

புகைவண்டியும் காப்பியும்

காப்பி இச்சமவெளிக்குத் தலைக்கு மேலேயே விளைந்தது. 1820ஆம் ஆண்டு முதல் சேலத்தில் ஆட்சியராயிருந்த காக்பர்ன், ஏற்காட்டு மலையில் காப்பிச் செடியை வளர்க்கத் தொடங்கினார். மலையில் விளைந்த கொட்டை கடல் கடந்தது. அடிவாரத்துக் குடியானவனோ காலையில் நீராகாரமே பருகினான். காப்பி கீழே இறங்கி அவன் குவளைக்கு வந்து சேர ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. அதற்கு வழி திறந்தது புகைவண்டி.

சென்னையிலிருந்து மேற்கு நோக்கி வந்த இருப்புப்பாதை 1861இல் சேலத்தை எட்டி, 1862இல் போத்தனூர் வரை நீண்டது. வண்டியில் சாதிக்கொரு பெட்டி இல்லை. கட்டணம் செலுத்தியவன் எவனும் எவன் பக்கத்திலும் அமரலாம். ஆனால் வண்டி நின்றதும் பழைய உலகம் மீண்டது. தென்னிந்திய இரயில்வே நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடமும் பிராமணரல்லாதார்க்கு வேறிடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. பயணத்தில் ஒன்றாயிருந்தவர் பசியில் பிரிந்தனர். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941இல்தான் அப்பிரிவினை நீக்கப்பட்டது.

நகரங்களில் காப்பி கிளப்புகள் தோன்றியபோதும் இதுவே நிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கறிஞரும் எழுத்தரும் மாணவரும் வணிகரும் கூடிய இடமாக அவை விளங்கின. செய்தித்தாள் அங்கே படிக்கப்பட்டது. அரசியல் அங்கே பேசப்பட்டது. ஆனால் 'பிராமணாள்' என்னும் சொல்லைத் தாங்கிய பலகை தமிழக நகரமெங்கும் வாயிலில் தொங்கிற்று. அது சமைப்பவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. உள்ளே எவர் எங்கே அமரலாம் என்பதையும் சொல்லிற்று. புதிய பானம் வந்துவிட்டது; பழைய பந்தி மாறவில்லை.

ஓராண்டில் இரு நிகழ்ச்சிகள்

பந்தி என்னும் சிறு சொல் தமிழக அரசியலையே பிளந்த ஆண்டு 1925. அப்பிளவில் சேலம் மாவட்டத்தின் பங்கு பெரிது. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு படைக்கப்பட்டது. காங்கிரசு நிதியும் பொதுமக்கள் நன்கொடையும் பெற்ற தேசியக் கல்விக்கூடத்தில் இது தகுமோ என்னும் வினாவை நாடறிய எழுப்பியவர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு. அவர் இராசிபுரத்தில் பிறந்தவர். 'தமிழ்நாடு' இதழைச் சேலத்தில் தொடங்கியவர். அவரும் பெரியாரும் தொடுத்த வாதம் தமிழ்நாட்டுக் காங்கிரசை உலுக்கியது. பெரியார் அவ்வாண்டின் இறுதியில் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கான பின்னணியில் இக்கசப்பும் கலந்திருந்தது. ஐயரோ 1925 சூன் திங்களில் பாபநாசம் அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர் நீத்தார். பெருந்தியாகி ஒருவரின் இறுதி நாள்கள் இரண்டு இலைகளின் பொருட்டுத் துயரில் கழிந்தன.

அதே 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்தார். ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்டோரும் ஏனையோரும் ஒன்றாய் வாழ்ந்து ஒன்றாய் உண்டனர். அதுகண்டு சுற்றுப்புறத்தார் சிலர் ஆசிரமத்தைப் புறக்கணித்தனர். பின்னாளில் 'கல்கி'யாகப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தியும் அங்கே பணியாற்றி, 'விமோசனம்' இதழில் மதுவிலக்குக்காக எழுதினார். குருகுலமும் ஆசிரமமும் நாட்டுப்பற்றின் விளைநிலங்களே. ஒன்று பந்தியைப் பிரித்ததால் தளர்ந்தது. மற்றொன்று பந்தியைச் சேர்த்ததால் பகை தேடிக்கொண்டது. பள்ளியிலும் ஆசிரமத்திலும் இத்துணைக் கொந்தளிப்பை விளைத்த செயல், கடைத்தெருவில் எப்படி நிகழ்ந்தது என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

கள்ளுக்கடை மூடிய பின்

உழைப்பாளி மக்கள் வீட்டுக்கு வெளியே காசு கொடுத்து உண்ட பழைய இடங்களுள் கள்ளுக்கடை முதன்மையானது. கள்ளோடு சுண்டலும் கறியும் கருவாடும் அங்கே கிடைத்தன. 1937 அக்டோபர் முதல் நாள், இராஜாஜியின் அமைச்சரவை நாட்டுக்கு முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பிறந்ததே விற்பனை வரி. உணவகச் சீட்டில் வரி என்னும் வரி இடம்பெற்ற கதைக்கு வேர் சேலத்துக் கள்ளுக்கடையில் இருக்கிறது.

மாலையில் கூடிய கூட்டம் எங்கே போவது? அக்காலத்தில் தேயிலை விளம்பர வாரியத்தார் ஊரூராய்ச் சென்று தேநீரைப் பரப்பிக்கொண்டிருந்தனர். காப்பி மேல்தட்டினரின் பானமாகவும் தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் நிலைத்தன. தேநீர்க்கடைப் பலகை உழைப்பவர் கூடும் மன்றமாயிற்று. மதுவிலக்கு இடையில் தளர்ந்து 1948இல் மாகாணம் முழுதும் பரவிய காலத்துக்குள், தேநீர்க்கடை இல்லாத சாலைச் சந்திப்பே இல்லை என்னும் நிலை வந்தது.

மற்றொரு புறம் அசைவ உணவகங்கள் 'மிலிட்டரி ஓட்டல்' என்னும் பெயரில் எழுந்தன. அப்பெயரைப் பட்டாளத்தாரின் உணவுப் பழக்கத்தோடு தொடர்புபடுத்துவர். சைவ உணவகத்துக்கு அந்தணர் சமையல் என்னும் பெருமை முதலாயிருந்தது. மிலிட்டரி ஓட்டலுக்கு அம்முதல் தேவைப்படவில்லை. அம்மியில் அரைத்த மசாலாவும் கைப்பக்குவமும் போதும். இதனால் பல சாதியார் உணவுத் தொழிலில் நுழைய வழி பிறந்தது. சேலத்தில் 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் பல ஊர்க் கலைஞரையும் எழுத்தாளரையும் இந்நகருக்கு அழைத்து வந்தது. 'வளையாபதி'க்காகப் பாவேந்தர் பாரதிதாசனும், 'சண்டமாருதம்' இதழுக்காகக் கண்ணதாசனும் இந்நகரோடு தொடர்பு கொண்டனர். குடும்பத்தை ஊரில் விட்டு அறையெடுத்துத் தங்கிய கலைஞர்க்கும் தொழிலாளர்க்கும் உணவகமே வீடு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக் கட்டுமானமும், அதனையொட்டி எழுந்த ஆலைகளும் அவ்வாறே வீடு விட்டு வந்த பெருங்கூட்டத்தைத் திரட்டின. இராசிபுரத்து நெய்யின் மணத்துக்கும் பெயர் பெற்ற மாம்பழத்துக்கும் அப்பால், 'மெஸ்' என்றழைக்கப்படும் சிறு உணவகங்களால் சேலம் பெயர் பெற்றதற்கு இப்பின்னணியே காரணம் எனலாம். மங்களம் மிலிட்டரி ஓட்டல், செல்வி மெஸ் போன்ற பெயர்கள் வெளியூராரும் கேட்டறிந்தவை.

தறியும் தட்டுவடையும்

சேலத்து உணவின் தனி முத்திரை தட்டுவடை செட். மொறுமொறுப்பான சிறு தட்டுவடை ஒன்றின் மேல் பச்சைச் சட்டினியும் சிவப்புச் சட்டினியும் தடவி, துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் வைத்து, மேலே மற்றொரு தட்டுவடையால் மூடித் தருவர். முறுக்கை நொறுக்கிக் காய் கலந்து தரும் நொறுக்கலும் அதன் உடன்பிறப்பு. குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை முதலிய நெசவாளர் பகுதிகளில் மாலை விளக்கேற்றும் நேரத்தில் இக்கடைகள் உயிர்பெறும்.

தறிக்குடும்பத்தில் ஆண் மட்டும் உழைப்பதில்லை. பெண்கள் நூல் இழைப்பர், தார் சுற்றுவர், குழந்தையின் கையும் சும்மா இராது. அடுப்பு மூட்டும் நேரத்தையும் தறி விழுங்கிவிடும். அத்தகைய தெருவில் காலை இட்டிலிக்கடையும் மாலைப் பலகாரக் கடையும் ஆடம்பரம் அல்ல; தேவை. வீட்டு வாயிலிலேயே அடுப்பு வைத்து இட்டிலி ஊற்றிப் பிள்ளைகளை வளர்த்த கைம்பெண்கள் இந்நகரத்துத் தெருக்களில் எண்ணற்றோர். உண்பதற்காகப் பெண் வெளியே செல்வது குறையென்று கருதப்பட்ட காலத்தில், உணவகங்கள் திரையிட்ட குடும்ப அறை வைத்து அவளை மறைத்தன. சமைத்து விற்ற பெண்ணோ திரையின்றித் தெருவில் அமர்ந்திருந்தாள்.

தட்டுவடைக்கு இலை வேண்டா, பலகை வேண்டா, பந்தி வேண்டா. தாளில் வாங்கி நின்றபடியே உண்ணலாம். இருக்கையில்லாத இடத்தில் இருக்கை வேற்றுமையும் இல்லை. பெரிய உணவகங்களில் போராடிப் பெற்ற சமத்துவத்தை, தள்ளுவண்டி ஓசையின்றி நடைமுறையாக்கிற்று.

சாலையோரத்து அடுப்பு

நாமக்கல்லின் கதை வேறு. சேலம் – நாமக்கல் – கரூர் இருப்புப்பாதை பயணிகளுக்குத் திறக்கப்பட்டது 2013இல்தான். அதுவரை நாமக்கல் சாலையையே நம்பியது. லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலும் சரக்குப் போக்குவரத்தும் அங்கே தழைத்தன. கன்னியாகுமரியையும் வாரணாசியையும் இணைத்த 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இன்று 44ஆம் எண்ணைத் தாங்கி நாமக்கல் வழியே செல்கிறது. இரவெல்லாம் விழித்திருப்பவனுக்கு இரவெல்லாம் எரியும் அடுப்பு வேண்டும். புரோட்டாக் கல் சாலையோரத்துக்கு வந்தது. கோழிப்பண்ணைகள் பெருகி, 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றிய பின் நாமக்கல் என்றாலே முட்டை என்றாயிற்று. அரைவேக்காட்டில் சுருட்டி எடுத்து, குழம்பும் மிளகும் சேர்த்துத் தரும் 'கலக்கி' கொங்குநாட்டு இரவுக் கடைகளின் அடையாளமாயிற்று.

காவிரிக் கரையில், விசைத்தறியும் காகித ஆலையும் நிறைந்த பள்ளிபாளையம் ஒரு கோழி வறுவலுக்கே தன் பெயரை ஈந்தது. மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் ஆகியவற்றோடு மசாலாப் பொருள் மிகுதியாகச் சேராத எளிய வறுவல் அது. இன்று தமிழகமெங்கும் உணவுப் பட்டியலில் அப்பெயர் காணப்படுகிறது. அரசவையிலோ மடைப்பள்ளியிலோ பிறக்காமல், உழைப்பாளர் ஊரில் பிறந்த உணவு ஊர்ப்பெயரைச் சுமந்து உலா வருவது இக்காலத்தின் புதுமை. திருச்செங்கோட்டிலிருந்து வட மாநிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் வண்டிகளோ சமையற்காரரையும் உடன் ஏற்றிச் செல்கின்றன. பழைய கட்டுச்சோறு சக்கரம் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

இரண்டு குவளை

காசு சாதியைக் கரைத்தது என்று முடிவு கூறிவிட்டால் வரலாறு எளிதாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, கடை, பொது உணவகம், விடுதி ஆகியவற்றில் சாதி காரணமாக எவரையும் விலக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகத்தில் வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் வெளிப்படையாகக் குறித்தது. பாராளுமன்றம் ஒரு குவளையைப் பற்றிச் சட்டம் இயற்ற நேர்ந்தது என்பதே அக்குவளையின் கனத்தைக் காட்டும். சட்டம் வந்த பின்னும் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' நீங்கப் பல மாதங்கள் ஆயின.

நகரத்துப் பலகை இறங்கியது. சிற்றூர்க் குவளை இறங்கவில்லை. தேநீர்க்கடையில் ஊரார்க்கு ஒரு குவளை, சேரியார்க்கு வேறு குவளை என்னும் இரட்டைக் குவளை முறை, கொங்குப் பகுதி உள்ளிட்ட தமிழகச் சிற்றூர்களில் 2000க்குப் பின் நடந்த கள ஆய்வுகளிலும் கண்டறியப்பட்டது. காகிதக் குவளை வந்து அவ்வேற்றுமையைக் கண்ணுக்கு மறைத்ததுண்டு. மறைவது வேறு, ஒழிவது வேறு. எச்சில் இலையை எடுத்த சிறு கைகளுக்கும் நெடுங்காலம் விடிவில்லை. உணவகங்களிலும் சாலையோரக் கடைகளிலும் 14 வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் ஆணை 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

காசும் ஒரு பலகையே. இல்லாதவனை அதுவும் வெளியே நிறுத்தும். 2013இல் அம்மா உணவகம் சென்னையில் தொடங்கிச் சேலம் உள்ளிட்ட பிற மாநகராட்சிகளுக்கும் விரிந்தபோது ஓர் இட்டிலியின் விலை ஒரு ரூபாய். சாம்பார் சோறு ஐந்து ரூபாய். இலவசமாகத் தராமல் சிறு விலை வைத்ததன் பொருளை இவ்வரலாற்றின் ஒளியில் காணலாம். கஞ்சித் தொட்டி முன் கையேந்தியவன் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு ரூபாய் கொடுத்தவன் சட்டினி போதவில்லை என்று கேட்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 135 ஆண்டுகள்.

பாடப்படாத பந்தி

தமிழ்க் கவிதை ஈகைச் சோற்றை நிறையப் பாடியிருக்கிறது. விலைச்சோற்றைப் பாடியது குறைவு. முதன்முதலாக உணவகத்தினுள் நுழைந்து எல்லாரோடும் ஒரே பலகையில் அமர்ந்த ஒருவன் தன் முன் விரிந்த இலையைப் பார்த்த பார்வை எந்தக் காவியத்திலும் இல்லை. விலைப்பட்டியல் எழுதிய கரும்பலகை, பரிமாறுவோர் மனப்பாடமாய் ஒப்பித்த பலகார வரிசை, தறித்தெரு இட்டிலிக்கடை மூதாட்டியின் கணக்கு, லாரி ஓட்டுநர் அறிந்த ஊர்தோறும் வேறுபடும் குழம்பு ஆகிய யாவும் நினைவில் வாழ்வன. நினைவு உடையவரோடு மறைவன. சேலத்திலும் நாமக்கல்லிலும் அந்நினைவை இன்னும் சுமந்திருப்போர் உளர். அவர்கள் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதி வைத்தல், இவ்வட்டாரத்து இலக்கிய அமைப்புகளும் கவிஞர்களும் ஏற்கத்தக்க பணி.

சந்தையில் நின்ற குடியானவனிடம் கேட்ட மூன்று வினாக்களுள், எங்கே உண்டான் என்பதற்கும் யார் சமைத்ததை உண்டான் என்பதற்கும் இச்சமவெளி ஒருவாறு விடை கண்டுவிட்டது. யாருக்கு அருகில் அமர்ந்து உண்டான் என்னும் மூன்றாம் வினாவுக்கு நகரம் விடையளித்திருக்கிறது. ஊர் முழுதும் விடையளிக்கவில்லை.